கூடங்குளத்து இணையச் சதுரங்கத்தில் காலவிரயம்: ஒரு முதனிலை ஆய்வு

“ஆட்டம் என் கையிலதாம்ல இருந்துச்சு, டைம் போயிட்டு.” கூடங்குளம் டீக்கடைகளில் செல்போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைப்பவர் எவரும் சொல்லும் வாசகம் இது. முந்தைய அறிஞர்கள், அதாவது ஜெயித்தவர்கள், இதை வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிட்டனர். இக்கட்டுரை இதை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது.

கணக்கு எளியது. பத்து நிமிட ஆட்டத்துக்கு 600 விநாடி. 40 நகர்த்தலில் முடியுமென்றால் ஒன்றுக்குப் பதினைந்து. நம்மவரோ ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளுவதா, ராணிக்கு முன்னால் நிற்பதையா என்றே முக்கால் நிமிடத்தைக் கரைக்கிறார். நேற்றும் ராஜா சிப்பாயைத்தான் தள்ளினார். நாளையும் அதையேதான் தள்ளுவார்.

இந்தத் தொடக்கத் தாமதத்துக்கு ஊர் மண்ணே காரணம் என்பது என் கருதுகோள். அணுமின் நிலையத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் போட்டது 1988 நவம்பரில். கட்டுமானம் 2002-ல் தொடங்கியது. முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது 2013 அக்டோபரில். நடுவே 1991-ல் எதிரே உட்கார்ந்திருந்த சோவியத் ஒன்றியமே பலகையை விட்டு எழுந்து போய்விட, அதே நாற்காலியில் ரஷ்யா வந்து அமர்ந்தது. (தாமதத்தின் காரணங்களும் ஊர்க்காரர்களின் போராட்டமும் தனி ஆய்வுக்குரியவை; அவை சிரிப்பதற்குரியவை அல்ல.) இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவரிடம் மூன்று நிமிட பிளிட்ஸ் ஆடச் சொன்னால் என்ன செய்வார்?

எதிர்ச்சான்று ஒன்று உண்டு. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் குகேஷுடன் உலகப் பட்டத்துக்கு ஆடிய டிங் லிரென், மூன்றாவது ஆட்டத்தில் 37-வது நகர்த்தலில் நேரம் தீர்ந்து தோற்றார். முதல் 40 நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம், கூடுதல் விநாடி கிடையாது. அவர் நிலையும் அப்போது மோசம்தான் என்றாலும், கூடங்குளத்து மண்ணை மிதிக்காமலேயே இந்நோய் வரும் என்று தெரிகிறது. கருதுகோளை இதற்காகக் கைவிடுவதாக இல்லை.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி சேர்த்துத் தரும் கடிகாரத்துக்கு பாபி ஃபிஷர் காப்புரிமை கேட்டதும் அதே 1988-ல்தான். இன்று மூன்று நிமிட ஆட்டத்தில் நகர்த்தலுக்கு இரண்டு விநாடி கூலி. 60 நகர்த்தலுக்கு இரண்டு நிமிடம் சேரும். சூடான டீயை ஒரு வாய் ஊதிக் குடித்தால் அதில் இரண்டு மூன்று கூலி போச்சு.

தெரிந்த தொடக்கத்தைத் தட்டிவிட்டுப் போகலாம். வேறு வழியில்லாத இடத்தில் யோசிப்பது வீண். ராணியை மாற்றிக்கொள்வதா, காயைப் பலி கொடுப்பதா என்று வரும் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் ஒரு முழு நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம். எதிராளி ஆடுமுன்பே நம் நகர்த்தலைப் பதிந்துவைக்கும் பிரீமூவில்தான் சூட்சுமம். ‘அவன் என் குதிரையை வெட்டினால் சிப்பாயால் திருப்பி வெட்டுவேன்’ என்று பதிவது பத்திரம். வெட்டாவிட்டால் அந்தக் கட்டத்தில் நம் குதிரையே நிற்கும், பதிவு தானாக ரத்தாகும். பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் அப்படியன்றி ராணியையே காலிக் கட்டத்துக்குப் பதிந்தார். எதிராளி அந்த வரிசைக்கு யானையைக் கொண்டுவந்தான். ராணி தானாக நடந்துபோய் யானை வாயில் விழுந்தாள்.

கடைசி அரை நிமிடத்துக்கு உரிய விதி பலருக்குத் தெரியாது. நம் நேரம் தீர்ந்தாலும், எதிராளியிடம் ராஜா மட்டும் மிஞ்சியிருந்தால் ஆட்டம் டிரா. ஆகவே மேட்டுக்கு அலையாமல் மிச்சமிருக்கும் சிப்பாயை முதலில் தின்ன வேண்டும். அதே அண்ணாச்சி இன்னொரு நாள் ராணியும் இரண்டு யானையும் கையிலிருக்க, ஓரத்துச் சிப்பாய் ஒன்றை மதிக்காமல் விட்டு நேரத்தில் தோற்றார்.

“ஒத்தச் சிப்பாய வச்சுக்கிட்டு அவன் எப்படிவே ஜெயிப்பான்?”

“எட்டாங் கட்டத்துக்குப் போனா ராணி ஆயிரும்லா, அண்ணாச்சி.”

அண்ணாச்சி இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. அவர் ரேட்டிங் ஏற்றுக்கொண்டு எட்டுப் புள்ளி இறங்கியது.