பெயர் ஒன்று, குணம் இரண்டு

கேள்வி: ஜிம்மில் புஜம் ஏற்றப் போடுகிறார்களே ஸ்டீராய்டு, அதை மூளை ரத்தக்குழாய் அழற்சிக்கும் கொடுக்கிறார்களாமே! மூளைக்கும் 'சிக்ஸ் பேக்' வருமா?

பதில்: நேர்மாறாக நடக்கும். ஜிம் ஊசி டெஸ்டோஸ்டிரோனின் உறவு, தசையை வளர்க்கும். டாக்டர் தரும் பிரெட்னிசோலோன், சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்ட்டிசோலின் உறவு. நாள்பட்டால் தசையைக் கரைத்தே விடும். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கிருமிக்குக் கதவு திறக்கும். அப்படியிருக்க ஏன் கொடுக்க வேண்டும்? நம் எதிர்ப்புச் சக்தியே ரத்தக்குழாயின் சுவரைத் தாக்க, சுவர் தடித்து, உள்வழி சுருங்கி, பக்கவாதம் வருகிறது. ஏறிய சர்க்கரையை இறக்கலாம். செத்த மூளைத் திசு திரும்பாது. அதனால்தான் பலருக்கு ஆரம்பத்தில் 3 முதல் 5 நாள் மெத்தில்பிரெட்னிசோலோன் தினம் 1 கிராம் வரை டிரிப்பில் ஏற்றுகிறார்கள், பிறகு மாத்திரை.

கிருமியால் வந்த அழற்சி என்றால் ஆபத்தாயிற்றே என்பீர்கள். நியாயம்தான், அதனால் முதலில் முதுகுத் தண்டு நீரைச் சோதிக்கிறார்கள். ஆனால் மூளை ரத்தக்குழாய்களையும் பாதிக்கும் காசநோய் மூளைக்காய்ச்சலிலேயே, காசநோய் மருந்தோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்ததும் மரணங்கள் குறைந்தன. வியட்நாமில் 545 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு அது. ஒன்று மட்டும்: தலைவலி விட்டதென்று மாத்திரையைச் சட்டென நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதால் அட்ரினல் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். அது விழிக்கும்வரை அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.