எல்லை திருத்தும் அதிகாரி அவர்களின் மேலான கவனத்திற்கு

அனுப்புநர்:
கோப்புகளில் 'பொதுமக்கள்' என்று குறிப்பிடப்படுவோர்.

பெறுநர்:
உயர்திரு எல்லை திருத்தும் அதிகாரி அவர்கள்,
ஏரி, மலை, காடு மற்றும் இன்னும் மிச்சமிருப்பவை பிரிவு.
(மாநிலத்தைக் கேட்டால் மத்தியைக் காட்டுகிறார்கள், மத்தியைக் கேட்டால் மாநிலத்தைக் காட்டுகிறார்கள். எனவே கடிதம் யார் கையில் கிடைக்கிறதோ அவரே பிரித்துக்கொள்ளவும்.)

பொருள்: தாங்கள் கொடுத்ததைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் வழங்கிய கவுல், 1798.
2. மேற்படி கவுலின் புதுப்பிப்பு, 1858.
3. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலய அறிவிக்கை, 1998.
4. அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தல அறிவிக்கை, 2022.

ஐயா,

வழக்கமாக மனு என்றால் சாலை கேட்போம், குடிநீர்க் குழாய் கேட்போம், பட்டா கேட்போம். இந்த மனுவில் எதுவும் கேட்கவில்லை. தாங்கள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற விஷயங்களில் கேட்காமலேயே கிடைத்துவருகிற சேவை இது. ஏரி, மலை என்று வந்தால் மட்டும் தங்களுக்குப் பிறக்கிற சுறுசுறுப்பைப் பார்த்துப் பயந்துபோய் எழுதுகிறோம்.

முதலில் பார்வை 1. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டியிருந்த நாரைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக்குப் போய் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்து 1798-ல் கலெக்டர் கவுல் என்னும் உறுதிச் சீட்டு கொடுத்தார். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொடுத்தார்கள். நிபுணர் குழு இல்லை, சாத்தியக்கூறு அறிக்கை இல்லை, 'தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்ற குறுஞ்செய்தியும் இல்லை. இத்தனைக்கும் 1798-ல் ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. லாபம் பார்க்கவே கப்பலேறி வந்தவர்கள். கம்பெனியே ஆண்ட காலத்தில் வாங்கிய பாதுகாப்பு, கம்பெனிகள் விண்ணப்பம் போடுகிற காலத்தில் ஆட்டம் காண்கிறதே என்பதுதான் எங்கள் விசனம்.

ஊர்க்காரர்கள் வெறும் ஜீவகாருண்யத்துக்காகச் செங்கல்பட்டு போகவில்லை. அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். மழைக்காலத்தில் ஏரி நிறைந்ததும் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கிளைக்குக் கிளை கூடு ஏறும். எச்சம் தண்ணீரில் விழும், தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும், பயிர் கருகருவென்று எழும். மூட்டை சுமக்காமல், கடையில் வரிசை நிற்காமல் வயல் தேடி வருகிற உரம். அந்த நன்றிக்குத்தான் ஊரே தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறது. தங்கள் துறை பிறப்பதற்கு முன்பே இவர்கள் சரணாலயம் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1998-ல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. தூரம் சரணாலயம் என்று அறிவித்தீர்கள். கைதட்டினோம். ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த 2020-ல், தங்கள் அலுவலகத்தில் காம்பஸ் மட்டும் வேலை செய்தது தெரியவந்தது. அந்த 5-ஐ 3 ஆக்க யோசனை. 'இரண்டு கிலோமீட்டர்தானே, இதற்கா இவ்வளவு கூச்சல்' என்று கேட்டவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த வட்டத்தின் பரப்பளவு எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. 5 கி.மீ. ஆரமுள்ள வட்டம் சுமார் 78 சதுர கி.மீ. 3 கி.மீ. ஆரமுள்ளது சுமார் 28. கோப்பில் 'இரண்டு' என்று எழுதி, நிலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடலாம் என்று கண்டுபிடித்த கணித மேதைக்கு எங்கள் பாராட்டுகளைச் சேர்ப்பிக்கவும்.

அதே 5 கி.மீ. வட்டத்துக்குள் இருக்கும் ஒரு மருந்துத் தொழிற்சாலை அப்போது விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்டு நின்றது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று துறை விளக்கம் கொடுத்தது. நம்பிவிட்டோம். அரசாங்கத்தை நம்பாமல் யாரை நம்புவது?

பறவைகள் சார்பாக ஒரு சிறு விளக்கம். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். அங்கே கூடு உண்டு, அத்தனை வாய்க்கும் சோறு கிடையாது. நத்தைகுத்தி நாரையின் மூக்கைத் தாங்கள் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேரும், நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி நத்தையைப் பிடிக்கும். கூரான கீழ் நுனியை ஓட்டுக்குள் செருகிச் சதையை முழுசாக உருவி எடுக்கும். ஓடு பெரும்பாலும் உடையாமல் சேற்றில் கிடக்கும். அந்தச் சேறு இருப்பது சுற்றுவட்டாரத்து நெல் வயல்களிலும், பக்கத்து ஊர் ஏரி, தாங்கல்களிலும். குஞ்சுக்கு இரை தேடிப் போகிற நாரை, மூன்றாவது கிலோமீட்டர் கல்லைப் பார்த்ததும் 'நமது ஆட்சி எல்லை முடிந்தது' என்று திரும்பி வரப்போவதில்லை. அதற்கு அறிவிக்கை வாசிக்கத் தெரியாது. தங்களுக்கு நெல் வயல் வாசிக்கத் தெரியாததைப் போல.

நல்லவேளையாக எதிர்ப்பு கிளம்பியது. ஊரடங்கில் கூட்டம் கூட முடியாதவர்கள் இணையத்தில் மனு போட்டார்கள், கையெழுத்துச் சேர்த்தார்கள். யோசனை கைவிடப்பட்டது. இருந்த 5 கி.மீ. இருந்தபடியே இருந்தது. அதை வெற்றி என்று கொண்டாடினோம்! சொந்த வீட்டிலேயே குடியிருக்க அனுமதி கிடைத்ததற்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்த முதல் ஜனங்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அடுத்து பார்வை 4. மதுரை மாவட்டத்து மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு. லகர் வல்லூறும் தேவாங்கும் எறும்புதின்னியும் வாழ்கிற இடம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று இதை அறிவித்தீர்கள். பரப்பு 193 ஹெக்டேர். சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அந்த 193-ஐயும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேரை டங்ஸ்டன் எடுக்க விட்ட ஏலத்தின் முடிவை அறிவித்தது ஒன்றிய அரசு. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நாங்கள் குடியிருப்பது ஊரில் அல்ல, 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்'கில் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அப்போதுதான் தாங்கள் மீண்டும் காம்பஸை எடுத்தீர்கள். பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதன் எல்லையைத் திருத்தலாமா என்று ஆராயச் சொன்னீர்கள். வடையின் ஓட்டையை எங்களிடம் கொடுத்துவிட்டு வடையைத் தாங்கள் எடுத்துக்கொள்கிற இந்தப் பெருந்தன்மை மேலூர்க்காரர்களுக்குப் புரியவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் நிலையத்தை நோக்கி ஆயிரக்கணக்கில் கிளம்பிவிட்டார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

இந்தப் போராட்டத்தில் 11,608 பேர் மீது வழக்குப் பதிவானது. பிறகு மாநில அரசு அவற்றைத் திரும்பப் பெற்றது. வழக்கைப் பற்றி எங்களுக்கு வருத்தமில்லை, எண்ணிக்கையின் துல்லியத்தைப் பார்த்துத்தான் அசந்துபோனோம். கடைசி எட்டுப் பேரைக்கூட விடாமல் எண்ணிய அந்தக் காவலர்களை வருஷத்துக்கு ஒருமுறை பறவைக் கணக்கெடுப்புக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

ஐயா, 1798-ல் கொடுத்த மனு இல்லாத ஒன்றைக் கேட்டது. இப்போது நாங்கள் கொடுப்பதெல்லாம் இருப்பதைக் கேட்கிற மனு. வேலையை விட்டு, கூலியை விட்டு, ஜெராக்ஸ் எடுத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வெயிலில் நின்று, தங்கள் கையெழுத்துக்குத் தாங்களே மரியாதை தரும்படி கெஞ்சுகிறோம். ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்கவும்.

1. இனிமேல் வெளியிடும் ஒவ்வொரு பாதுகாப்பு அறிவிக்கையிலும் காலாவதி தேதியை அச்சிடவும். எப்போது கிளம்ப வேண்டும் என்று நாங்களும் முன்கூட்டியே லீவு சொல்லிக்கொள்வோம்.

2. திட்ட மதிப்பீட்டில் 'பொதுமக்கள் எதிர்ப்பு' என்று தனியாக ஒரு செலவினம் சேர்க்கவும். இத்தனை நாள் கூலி இழப்பு, இத்தனை வேன் வாடகை, இத்தனை பேனர். எதிர்ப்பு வரும் என்று தெரிந்தேதானே ஆரம்பிக்கிறீர்கள்?

3. முக்கியமான கோரிக்கை இதுதான். மனு கொடுக்கும் திசையை மாற்றவும். காப்பாற்றச் சொல்லி நாங்கள் தங்களிடம் வந்தது போதும். குறைக்க வேண்டும் என்பவர் எங்கள் கிராம சபைக்கு மனு எடுத்து வரட்டும். மூன்று பிரதி வேண்டும். ஆதார் நகல் வேண்டும். பறவைகளும் எறும்புதின்னியும் பாசனமும் என்ன ஆகும் என்ற அறிக்கை தமிழில், எங்களுக்குப் புரிகிற தமிழில், இணைக்கப்பட வேண்டும். ஆலமரத்தடியில் டோக்கன் வாங்கி உட்காரட்டும். முறை வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்போம்: "நாலாம் பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போச்சு. சம்பந்தப்பட்டவர் இன்றைக்கு லீவு. அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம் வந்தால், அந்த விஷயத்தைப் பார்ப்பது நாங்கள் இல்லை, பக்கத்து ஊர் கிராம சபை என்று சொல்லி அனுப்புவோம். இந்த நடைமுறையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் தாங்களே என்பதால் சிரமம் இருக்காது என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள, ஆனால் எப்போதும் அல்லாத,
'பொதுமக்கள்'

நகல்:
1. வேடந்தாங்கல், அரிட்டாபட்டி கிராம சபைகளுக்கு – தகவலுக்காக.
2. தங்களுக்குப் பின் இந்த நாற்காலிக்கு வரவிருப்பவருக்கு – தேதியும் ஊர்ப் பெயரும் காலியாக விடப்பட்டுள்ளன, அவரே நிரப்பிக்கொள்ளலாம்.