சும்மா பார்க்க வந்தவர்

கண்காட்சி அரங்குக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்ப்பது ஏசி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை. அடுத்து, மேசையில் டீ, பிஸ்கட் ஏதும் தென்படுகிறதா என்று. பிறகு வருகைப் பதிவேடு. தனக்கு முன்னால் யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று இரண்டு பக்கம் பின்னுக்குப் புரட்டிப் படித்துவிட்டு, யாரும் கேட்காமலே, "சும்மா பார்க்கலாம்னு வந்தேன்" என்பார். சுவரில் தொங்கும் படங்களின் முறை இதற்கெல்லாம் அப்புறம்தான்.

சென்னையில் நீர்வண்ணம் தீட்டி, அதை உள்ளூரிலேயே விற்றுவிடலாம் என்று நம்புகிற என்னைப் போன்ற எல்லோருக்கும் இவரைத் தெரியும். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் அரங்கு எடுத்தாலும் வருவார். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவில், ஊறுகாய் விற்கும் மாமிக்கும் மெஹந்தி போடும் பெண்ணுக்கும் நடுவே மடக்கு மேசை போட்டு உட்கார்ந்தாலும் வருவார். அறுபதைத் தாண்டியவர். அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, தோளில் ஏதோ ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பை. மார்கழியாக இருந்தால் இரண்டு கச்சேரிகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் வந்திருப்பார். சபா கேன்டீன் காபி வாசனை கூடவே வரும். ஆள் மாறுவார், பை மாறாது.

ஒவ்வொரு படத்தின் கீழும் தலைப்பு, அளவு, விலை மூன்றையும் அச்சிட்டு ஒட்டியிருப்போம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, அதை ஓர் எழுத்து விடாமல் படிப்பார். நிமிர்வார்.

"இது எவ்வளவு தம்பி?"

"கீழ போட்டிருக்கே சார். ஆறாயிரம்."

"அது சரி. எவ்வளவு?"

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் வித்தையை யாரும் கற்றுத் தருவதில்லை. டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கியது 1850ல். இத்தனை காலத்தில் அதற்கென்று ஒரு பாடமாவது வைத்திருக்கலாம்.

"ஆயில் பெயின்டிங்தானே?"

"வாட்டர்கலர் சார்."

"ஓ."

அந்த ஓவுக்குள்ளேயே விலை பாதியாகிவிடும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் கேம்லின் டப்பாவை வைத்துக்கொண்டு இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம், நாலு பறவை வரையாதவர் இந்த ஊரில் யார்? தான் எப்போதோ கைவிட்டதை இன்னொருத்தன் இன்னும் விடாமல் இருக்கிறானே என்ற பரிவோடு என்னைப் பார்ப்பார். எண்ணெய் வண்ணத்தில் பிடிக்காவிட்டால் சுரண்டி எடுக்கலாம், மேலே இன்னொன்று பூசலாம். இதில் ஓடிய தண்ணீர் ஓடியதுதான். நவம்பர் ஈரத்தில் ஒரு வாஷ் காயவே காயாது, மே மாதத்தில் பிரஷ் தாளின் மறுகோடி போய்ச் சேருமுன்பே காய்ந்து கோடு விழுந்துவிடும். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்துவிட்டு, "தண்ணி பட்டா அழிஞ்சுடுமா?" என்பார். அழியும்தான். அதற்காகத்தான் கண்ணாடி போட்டு மாட்டுகிறோம்.

வெள்ளை விஷயத்தில்தான் நான் ஆடிப்போய்விடுவேன். நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவதைக் கூடியவரை தவிர்ப்போம். தாளையே தொடாமல் விட்டுவிடுவோம். குளத்துத் தண்ணீரில் வெயில் பளீரென்று தெறிப்பதும், படித்துறையில் உட்கார்ந்திருக்கும் கிழவரின் வேட்டியும் வண்ணம் படாத வெறும் தாள். அந்த வேட்டியைச் சுற்றி வண்ணம் ஓட்டி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு நின்று வரும். அவர் கண்ணாடிமேல் விரலை வைத்துச் சரியாக அந்த இடத்தைக் காட்டுவார்.

"இங்க கலர் அடிக்கலையே?"

"அது பேப்பரோட வெள்ளை சார். வேணும்னே விட்டது."

கொஞ்ச நேரம் யோசிப்பார். "அடிக்காத இடத்துக்கும் சேர்த்துத்தான் ஆறாயிரமா?"

அடுத்தது, வரைய எவ்வளவு நேரமாச்சு என்ற கேள்வி. இதற்கு எந்தப் பதில் சொன்னாலும் உருப்படாது. ஒரு மணி நேரம் என்றால், மணிக்கு ஆறாயிரம் என்று கணக்குப் போட்டு, ஐடி கம்பெனியில் இருக்கும் தன் பையனுக்கு அவ்வளவு வரவில்லையே என்று முகம் வாடுவார். ஒரு வாரம் என்றால் "இதுக்கா?" என்பார். 1878ல் லண்டனில் விஸ்லர் என்ற ஓவியர், தன் படத்தைத் திட்டி எழுதிய விமர்சகர் ரஸ்கின்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீலும் இதே இடத்தில்தான் பிடித்தார்: இரண்டு நாள் வேலைக்கு இருநூறு கினியாவா? விஸ்லர் பிரமாதமாகப் பதில் சொன்னார், வழக்கிலும் ஜெயித்தார். நஷ்ட ஈடாகக் கிடைத்தது ஒரே ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் சேர்ந்துகொள்ள, அடுத்த வருஷமே திவாலானார். ஆகவே நான், "கணக்கு வச்சுக்கலை சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மயிலாப்பூரில் கோபுரம் வரைகிறவனுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. இவர் வீட்டில் பழைய விகடன் பைண்டு வால்யூம் இருக்கும். 'தென்னாட்டுச் செல்வங்க'ளில் சில்பி வரைந்த கோயில்களையும், 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு போட்ட படங்களையும் பார்த்துப் பழகிய கண். கபாலி கோயில் படத்தின் முன் நின்று, கீழிருந்து மேலாக விரல் விட்டு எண்ணுவார்.

"நிலை ஒண்ணு குறையுதே?"

"மரம் மறைக்குது சார்."

"மரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாமே. சில்பியா இருந்தா..."

முடிக்கமாட்டார். எனக்கும் முடித்துக் கேட்கும் ஆசை இல்லை.

வீட்டம்மா கூட வந்திருந்தால் விவகாரம் வாஸ்துவுக்குப் போகும். ஒற்றைப் பறவை ஆகாது. படகு வாசலைப் பார்த்துப் போனால் காசும் அதிலேயே ஏறிப் போய்விடும். சூரியன் மறைவது கூடவே கூடாது. காசிமேட்டில் விடியற்காலை மீன் நாற்றத்துக்கும் கொசுவுக்கும் நடுவே நின்று வரைந்த படத்தைக் காட்டி, "அஸ்தமனமா?" என்பார் அந்தம்மா. சென்னையில் கடல் கிழக்கே இருக்கிறது, அதில் சூரியன் உதிக்க மட்டும்தான் செய்யும் என்பேன். இருவரும் பூகோளத்தை ஒப்புக்கொள்வார்கள், படத்தை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். "இருந்தாலும் பார்க்க அஸ்தமனமாத்தான் இருக்கு."

சோழமண்டலம் பேச்சு வந்தால்தான் அவர் கண்ணில் நிஜமான கலை உணர்ச்சியைப் பார்க்கலாம். 1966ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஒன்றுசேர்ந்து, பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கித் தங்களுக்கென்று ஒரு கிராமம் அமைத்தார்கள். படத்தை நம்பினால் நடக்காது என்று துணியை விற்ற கெட்டிக்காரர்கள். அவர் மனதில் நிற்பது நிலம். "அப்ப அங்க வெறும் சவுக்குத் தோப்பு தம்பி. இன்னைக்கு ஈசிஆர்ல கிரவுண்டு என்ன போகுது தெரியுமா? பணிக்கர் தீர்க்கதரிசி!" பணிக்கரின் படங்களைப் பற்றி நான் வாயெடுப்பதற்குள் பேச்சு பள்ளிக்கரணை மனைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

வாங்குகிறவர்கள் இவ்வளவு பேசுவதில்லை. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த பெண், அடுத்த வாரம் கிரகப்பிரவேசம் வைத்திருக்கும் டாக்டர் என்று யாராவது வருவார்கள். விறுவிறுவென்று ஒரு சுற்று, கைபேசியில் பணம், படத்தின் ஓரத்தில் விற்றதற்கு அடையாளமாக ஒரு சிவப்புப் பொட்டு, முடிந்தது. வாங்கிய படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் ஈ ஓட்டும் நேரத்தில் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று நிதானமாகக் குறை கண்டுபிடிக்கிறவர் இவர் ஒருவர்தான். ஆளே இல்லாத அரங்குக்குள் யாரும் கால் வைப்பதில்லை. இவர் உள்ளே நின்றால் இன்னும் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

அதோடு, உள்ளூரில் படம் விற்பது பாதிக்கு மேல் அடையாளம் கண்டுகொள்வதால்தான். இது எங்கள் தெரு, இது பாட்டி வீட்டுத் திண்ணை என்று தோன்றிவிட்டால் விலை கேட்கமாட்டார்கள். போன மார்கழியில் ஒரு தம்பதி ஓட்டு வீட்டுப் படமொன்றின் முன் தயங்கி நின்றார்கள். இவர் பின்னாலேயே போனார். "இது வெங்கடேச அக்ரஹாரம் முக்குல இருந்த வீடு. இந்தத் திண்ணையில உக்காந்துதான் நான் ஹிண்டு படிப்பேன். இடிச்சு ஃபிளாட் கட்டிட்டான்." அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. சிவப்புப் பொட்டு ஒட்டினேன். அந்த வீட்டை நான் வரைந்தது கும்பகோணத்தில். வீடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வாயைத் திறக்கவில்லை.

தானே விற்றுக் கொடுத்த பெருமையில் அவருக்கும் வேகம் வந்துவிட்டது. நேராகக் குளத்துப் படத்திடம் போனார்.

"பிரேம் இல்லாம எவ்வளவு?"

"நாலாயிரத்து ஐநூறு சார்."

"அப்ப பிரேம் ஆயிரத்து ஐநூறு. கண்ணாடியோடவா? மவுண்டு சேர்த்தா?"

சட்டத்தின் ஓரத்தைத் தடவினார். சுவரிலிருந்து லேசாக விலக்கி, பின்பலகையில் அடித்திருந்த ஆணிகளைப் பார்த்தார். ஒரு படத்தை அவர் அவ்வளவு ஆசையோடு பார்த்து நான் கண்டதில்லை.

"படம் இல்லாம இது மட்டும் கிடைக்குமா? பையனோட கான்வகேஷன் போட்டோ சரியா இதே சைஸ். பீரோவுல சுருட்டியே வச்சிருக்கேன்."

ஆயிரத்து இருநூறில் முடிந்தது. கடைசி நாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, "வேற யாரும் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க, எதுக்கும் அந்தப் பொட்டு ஒண்ணு ஒட்டிடுங்க" என்றார். ஒட்டினேன். சனிக்கிழமை வந்த இரண்டு பேருக்கு அந்தக் குளம்தான் பிடித்திருந்தது. பொட்டைப் பார்த்தார்கள், "அடடா, போயிடுச்சா" என்றார்கள். படம் போகவில்லை, போனது பிரேம் மட்டும்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.