சிலபஸிலிருந்து துரத்தப்பட்ட யுனிக்ஸ்

காலேஜ் நோட்ஸ் என்பது பரீட்சை முடிந்த மறுநாளே பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேர வேண்டிய சாமான். இந்த உலக வழக்கத்தை மீறி, ஏறக்குறைய இருபது வருஷம் திருட்டு ஜெராக்ஸிலேயே உயிர் வாழ்ந்து, கிழவயதில் முறைப்படி அச்சேறிய நோட்ஸ் ஒன்று உண்டு. எழுதியவர் ஜான் லயன்ஸ். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து வாத்தியார்.

அந்தக் காலத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் நடத்துவது வெகு சுலபம். கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு, நடுவே அம்புக்குறி இழுத்தால் போர்ஷன் முடிந்தது. நிஜமான ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்ளே எட்டிப் பார்க்காமலேயே பையன்கள் டிகிரி வாங்கிக்கொண்டு போனார்கள். லயன்ஸுக்கு இது பொறுக்கவில்லை. 6.602பி, 6.657ஜி என்று வாயில் நுழையாத நம்பர் போட்ட இரண்டு பாடங்களுக்காக, யுனிக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஆறாம் பதிப்பிலிருந்து கெர்னலை, அதாவது அதன் மையப் பகுதியை, சுமார் 9,000 வரி, அப்படியே வகுப்பில் இறக்கினார். ஒரு மனுஷன் முழுக்கப் படித்து மண்டைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு அதுதான் என்பது அவர் கணக்கு. 1977-இல் இரண்டு தொகுதி தயார்: சிவப்பு அட்டைக்குள் மூலம், அதாவது சோர்ஸ் கோட்; ஆரஞ்சு அட்டைக்குள் உரை. திருக்குறளுக்குப் பரிமேலழகர் செய்ததை யுனிக்ஸுக்கு இவர் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோர்ஸ் கோட் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். அது அமெரிக்க டெலிபோன் சாம்ராஜ்யமான ஏடி அண்ட் டியின் சொத்து. அரசாங்கம் வழக்குப் போட்டு, 1956-இல் ‘நீ போனை மட்டும் பார், வேறு வியாபாரத்தில் தலையிடாதே’ என்று கையெழுத்து வாங்கியிருந்தது. அதனால் கம்பெனியின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் அருமையான ஒரு சிஸ்டத்தைச் செய்து வைத்தும் விற்க வழியில்லை. பல்கலைக்கழகங்களுக்குச் சொற்ப விலையில் தள்ளிவிட்டார்கள். நிபந்தனைகளும் தெளிவு: பணம் முன்கூட்டியே, விளம்பரம் கிடையாது, பழுது பார்க்கமாட்டோம், போன் பண்ணாதே. கடைசி நிபந்தனையைப் போட்டது டெலிபோன் கம்பெனி என்பதை நினைவில் வையுங்கள்.

லயன்ஸின் சிவப்புப் புத்தகத்தில் 2238-ஆம் வரி, அதாவது 22-ஆம் தாளில் 38-ஆவது வரி, தனிப் புகழ் பெற்றது. ஒரு புரோகிராமை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓடவிடும் இடம் அது. ஒரு பங்ஷன் வேலை முடிந்து திரும்பும்போது, கூப்பிட்டவனிடம் போகாமல் எப்போதோ வேறொரு பங்ஷன் விட்டுவைத்த இடத்தில் போய் நிற்கும். பேய் வேலை. அங்கே யுனிக்ஸை எழுதியவர்கள் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்கள்: இது உனக்குப் புரியும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் இதைப் படித்துவிட்டு, ‘என்ன திமிர் பார்!’ என்றார்கள். ரிச்சி பின்னாளில் விளக்கம் கொடுத்தார். திமிரெல்லாம் இல்லையாம், ‘இது பரீட்சைக்கு வராது’ என்கிற அர்த்தத்தில் சொன்னதாம். அதோடு விட்டிருக்கலாம். உண்மையான சிக்கல் எங்களுக்கே அது சரியாகப் புரியாததுதான் என்றும் சேர்த்துச் சொன்னார். இவ்வளவு நேர்மையான வாத்தியாரை நான் எந்த டிபார்ட்மெண்டிலும் பார்த்ததில்லை.

1979-இல் ஏழாம் பதிப்பு வந்தது, கூடவே வக்கீல்களும் வந்தார்கள். சோர்ஸ் கோடில் காசு இருக்கிறது என்று கம்பெனிக்கு மெதுவாக உறைத்திருந்தது. இனி இதை வகுப்பில் பாடமாக நடத்தக்கூடாது என்று லைசென்ஸில் ஒரு வரி ஏறியது. லயன்ஸ் புத்தகமும் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் என்று பூட்டுக்குள் போனது. பையன்களைப் படிக்க வைக்க உலகெங்கும் வாத்தியார்கள் எடுத்த முயற்சியெல்லாம் இந்த ஒரு வரிக்கு முன்னால் தூசு. படிக்காதே என்று சொன்னதும் படித்தார்கள்! ராத்திரி ஆபீஸ் மிஷினில் ஜெராக்ஸ், அதன் ஜெராக்ஸ், அதற்கும் ஒரு ஜெராக்ஸ். புத்தகம் கடைக்கு வந்தது 1996-இல். அதற்குள் வாங்க வேண்டியவர்களெல்லாம் ‘வாங்கி’விட்டிருந்தார்கள். லயன்ஸ் 1998-இல் காலமானார். அவர் பெயரில் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவ நிதி திரட்டியபோது, கலிபோர்னியாக்காரர் ஒருவர் ‘யுனிக்ஸ்’ என்று எழுதிய தன் கார் நம்பர் பிளேட்டையே ஏலத்துக்குக் கொடுத்தார்.

வகுப்பில் நடத்தக்கூடாது என்ற அந்தத் தடையால் அதிகம் கடுப்பானவர் ஆம்ஸ்டர்டாமில் விரியே பல்கலைக்கழக வாத்தியார் ஆண்ட்ரூ டானன்பாம். மற்றவர்கள் பழையபடி கட்டமும் அம்புக்குறியும் வரையப் போனார்கள். இவரோ, ‘உன் யுனிக்ஸ் எனக்கு வேண்டாம் போ’ என்று சொந்தமாக மினிக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதி, 1987-இல் 700 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தின் பின்னால் கோடையும் கோத்து வெளியிட்டார். டிஸ்க் வேண்டுமென்றால் 69 டாலர்.

அந்தப் புத்தகத்தை வாங்கியவர்களில் ஒரு பின்லாந்துப் பையன், லினஸ் டோர்வால்ட்ஸ். 1990-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் யுனிக்ஸ் வகுப்பில் சேர்ந்தான். பாடம் எடுத்தவருக்கே யுனிக்ஸ் புதுசு. மாணவர்களைவிட ஒரே ஒரு அத்தியாயம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பையன்கள் மூன்று அத்தியாயம் தள்ளிப் படித்துவிட்டு வந்து, கேள்வி கேட்டு அவரை மடக்குவதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் லினஸ் சொந்தமாக ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கி, சும்மா பொழுதுபோக்குக்குத்தான், பெரிசாக எல்லாம் வராது என்று அறிவித்துவிட்டு லினக்ஸ் எழுதினான். உலகத்தில் இதைவிடத் தப்பான ஜோசியம் சொன்னவர் குறைவு.

1992 ஜனவரியில் டானன்பாம் மினிக்ஸ் ரசிகர்களின் யூஸ்நெட் விவாதக் குழுவில் வந்து, லினக்ஸ் காலாவதியான சரக்கு என்று தீர்ப்புச் சொன்னார். லினக்ஸுக்கு அப்போது வயது ஆறு மாதம்கூட இல்லை. எல்லா வேலையையும் ஒரே கெர்னலுக்குள் அடைப்பது எழுபதுகளுக்குத் திரும்பும் வேலை, சின்ன கெர்னலாகப் பிரித்து வைப்பதே எதிர்காலம் என்பது அவர் வாதம். காகிதத்தில் வாத்தியார் பக்கம் நியாயம் நிறையவே இருந்தது; வரலாறுதான் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. லினஸும் சளைக்கவில்லை. மினிக்ஸில் உள்ள கோளாறுகளுக்கு ‘நான் முழுநேர வாத்தியார்’ என்பது நல்ல சாக்கு என்று எழுதிவிட்டு, மறுபடி வந்து மன்னிப்பும் கேட்டான். நீ என் மாணவனாக இல்லாததற்குச் சந்தோஷப்படு, இந்த டிசைனுக்கு நல்ல மார்க் விழுந்திருக்காது என்றார் டானன்பாம்.

லினஸ் 1997-இல் அந்த லினக்ஸையே ஆய்வேடாக எழுதி எம்.எஸ்ஸி. முடித்தார். 2000-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தது. வாத்தியார் தோற்றுவிட்டார் என்று அவசரப்பட்டு எழுதியவர்கள் 2017-இல் மூக்குடைபட்டார்கள். இன்டெல் தன் சிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கும் நிர்வாகக் கம்ப்யூட்டரில் ஓடுவது மினிக்ஸ் என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது. டானன்பாம் இன்டெல்லுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்: காசு வேண்டாம், மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று. உங்கள் வீட்டில் சமீபத்தில் வாங்கிய இன்டெல் லேப்டாப் இருந்து, அதில் நீங்கள் லினக்ஸ் போட்டிருந்தால், வாத்தியாரும் பையனும் இப்போது ஒரே பெட்டிக்குள்தான் இருக்கிறார்கள். வாத்தியார் கீழ் வீடு, பையன் மாடி.