சுதந்திர இசையின் சட்டதிட்டங்கள்

ஓர் இசைத்தட்டைப் பற்றிப் பேசும்போது, “ஒலிப்பதிவு செய்தவரே பாதியில் அறையைவிட்டு ஓடிவிட்டாராம்” என்று ஒருவர் பெருமை பொங்கச் சொன்னால், அவர் ஃப்ரீ ஜாஸ் ரசிகர் என்று தைரியமாக முடிவு கட்டலாம். மற்ற இசைகளில் இது புகார். எங்களிடம் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. சாக்ஸபோன்காரர் ஆல்பர்ட் அய்லர் 1964 ஜூலையில் நியூயார்க்கில் பதிவு செய்த ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’ பற்றி இப்படி ஒரு கதை உலவுகிறது. ஓடியவர், டேப் தீரும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பிவந்து புது டேப்பை மாட்டினார் என்பது கதையின் பின்பாதி. எங்கள் ஆட்கள் முன்பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தத் தட்டை வெளியிட்ட இ.எஸ்.பி. டிஸ்க், பெர்னார்ட் ஸ்டால்மன் என்ற வழக்கறிஞரின் கம்பெனி. அவருக்கு எஸ்பெராண்டோ மொழியின் மேல் பிரியம். கம்பெனியின் முதல் தட்டே எஸ்பெராண்டோ பாடல்கள்தான். உலகத்தில் அநேகமாக யாரும் வீட்டில் பேசாத மொழியில் பாட்டுப் போட்டுப் பழகியவர் அடுத்தபடியாக அய்லரிடம் போனதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வழக்கமான ஜாஸில் ஒரு மெட்டு இருக்கும், அதன் கீழே சுற்றிச் சுற்றி வரும் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) இருக்கும், அந்தச் சுற்றுக்குள்தான் கற்பனை எல்லாம். டெக்சாஸ்காரரான ஆர்னெட் கோல்மன் அந்தச் சுற்றைக் கழற்றி எறிந்தார். பின்னால் வந்தவர்கள் தாளத்தையும் கழற்றினார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்களுக்குக் கழற்ற ஒன்றும் மிச்சமில்லாததால் சாக்ஸபோனையே கழற்றி, ஊதுவாயை மட்டும் வைத்து ஊதினார்கள்.

கோல்மன் 1959 நவம்பரில் வெள்ளை நிற பிளாஸ்டிக் சாக்ஸபோனோடு நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வந்து நின்றபோது, இரண்டு வாரத்துக்குத்தான் ஒப்பந்தம். பத்து வாரம் ஓடியது. பாதிப் பேர் ரசிக்க வந்தார்கள், பாதிப் பேர் திட்ட வந்தார்கள், எல்லோரும் டிக்கெட் வாங்கினார்கள். டிரம்பெட் மேதை ராய் எல்ட்ரிட்ஜ், போதையில் ஒரு முறையும் தெளிவாக இருக்கும்போது ஒரு முறையும் கேட்டுப்பார்த்து, கூடவே வாசித்தும் பார்த்து, ஆள் ஏமாற்றுகிறார் என்று தீர்ப்புச் சொன்னார். இவ்வளவு நேர்மையான ஆய்வுமுறையை நான் வேறெந்த விமரிசகரிடமும் கண்டதில்லை.

கோல்மன் தட்டுகளின் பெயர்களைப் பாருங்கள்: ‘நாளை என்பதே கேள்வி’, ‘வரப்போகும் ஜாஸின் வடிவம்’, ‘நூற்றாண்டின் மாற்றம்’, ‘இது எங்கள் இசை’. தேர்தல் சுவரொட்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1960 டிசம்பரில் பதிவான அடுத்ததன் பெயர் ‘ஃப்ரீ ஜாஸ்’ என்றே இருந்தது. இசைவகைக்கே பெயர் வைத்த தட்டு. இடது ஸ்பீக்கரில் நான்கு பேர், வலது ஸ்பீக்கரில் நான்கு பேர், இரண்டு குழுவும் ஒரே சமயத்தில் 37 நிமிடம் வாசிக்கின்றன. ‘டவுன் பீட்’ பத்திரிகை 1962 ஜனவரியில் இதற்கு அடுத்தடுத்து இரண்டு விமரிசனங்கள் போட்டது. பீட் வெல்டிங் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். ஜான் டைனன் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. தட்டு ஒன்றுதான், பத்திரிகையும் ஒன்றுதான். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, “ஒரு ஸ்பீக்கரோட வயரைப் பிடுங்கிட்டா பாதியாவது குறையுமில்ல?” என்றாள். ஸ்டீரியோ ஒலிப்பதிவின் பயன்களைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இந்தக் கோணம் எதிலும் வரவில்லை.

நாங்கள் இருப்பது லண்டனில். இந்த வியாதி எனக்குத் தொற்றியது ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையிடமிருந்து. எண்பதுகளில் வந்தவர். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் எதையும் பிரித்து, அடுக்கி, முகவரி எழுதாமல் அவரால் இருக்க முடியாது. அவர் வீட்டு வரவேற்பறையில் தட்டுகள் நாடுவாரியாக, கம்பெனிவாரியாக, ஆண்டுவாரியாக நிற்கும். “தம்பி, உதைத் தொடாதையும்” என்பதுதான் அந்த வீட்டில் வரவேற்பு.

இந்த இசை எந்த அளவுக்குச் சுதந்திரமானதோ அந்த அளவுக்கு இதன் ரசிகர்கள் கறாரானவர்கள். மேடையில் இருப்பவர் எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வாசிக்கலாம். கீழே இருப்பவர் எதை எப்போது எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும் சட்டம் உண்டு. டால்ஸ்டனில் கஃபே ஓட்டோ என்று ஒரு சின்ன இடம், 2008இல் ஆரம்பித்தது. எங்களுக்குக் கோயில் மாதிரி. அங்கே போனால் பார்க்கலாம்: நரைத்த தாடிகள், மூடிய கண்கள், இருமலை அடக்குவதில் சிவந்துபோன முகங்கள். இல்லாத தாளத்துக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆளுக்கொரு வேகத்தில் ஆடும் தலைகளைப் பார்த்தால், எல்லோரும் ஒரே கச்சேரிக்குத்தான் வந்திருக்கிறார்களா என்று சந்தேகம் வரும். இடைவேளையில் மட்டும் அத்தனை பேரும் ஒரே திசையில், தட்டு விற்கும் மேசையை நோக்கி, ஒரே வேகத்தில் நடப்பார்கள்.

புதிதாக வருபவருக்கு முதலில் எதைக் கொடுப்பது என்பதில் இவர்களுக்குள் தீராத சண்டை. கோல்மனின் ‘லோன்லி வுமன்’ போல ஒரு மெட்டாவது கையில் அகப்படுவதைக் கொடுத்து மெல்ல உள்ளே இழுக்க வேண்டும் என்பது மிதவாதிகள் கட்சி. அண்ணை தீவிரவாதி. பீட்டர் பிரோட்ஸ்மனின் ‘மெஷின் கன்’தான் முதல் பாடம் என்பார். 1968 மே மாதம், ஜெர்மனியின் பிரேமன் நகரில் லீலா ஓய்லே என்ற கிளப்பில் பதிவானது. மூன்று சாக்ஸபோன், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், இத்தனைக்கும் நடுவில் ஒரு பியானோ. அந்தப் பியானோக்காரரை நினைத்தால் எனக்கு எப்போதும் பாவமாக இருக்கும். பிரோட்ஸ்மனே சொந்தச் செலவில் 300 பிரதிகள் போட்டார். “இதைக் கேட்டு ஓடாதவன் ஆயுசுக்கும் ஓடமாட்டான்” என்பது அண்ணையின் தத்துவம். என்னுடன் வேலை பார்ப்பவர் ஒருவருக்கு இந்த முறையைப் பின்பற்றி அதை அனுப்பிவைத்தேன். மறுநாள் அவர், கோப்பு பழுதாகிவிட்டது போலிருக்கிறது, திரும்ப அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

இந்த மாதிரி நேரங்களில் அண்ணையிடம் ஒரு துருப்புச்சீட்டு உண்டு. பில் கிளிண்டன். பதவியை விட்டு இறங்கிய பிறகு 2001இல் ஒரு பேட்டியில், நீங்கள் கேட்கும் இசைக்கலைஞர்களில் யார் பெயரைச் சொன்னால் வாசகர்கள் வியப்பார்கள் என்று கேட்டபோது, பிரோட்ஸ்மன் பெயரைச் சொன்னார் அவர். அன்றிலிருந்து உலகெங்கும் எங்கள் ஆட்கள் மனைவிமாரிடம் இந்தத் தகவலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டில் சொன்னபோது வந்த பதில்: “அவருக்கும் வீட்டுல பிரச்சினைதானே.”

பாராட்டும் மொழியும் எங்களுக்குத் தனி. ‘கேட்க இனிமையாக இருக்கிறது’ என்றால் அது வசை. ‘கொஞ்சம் மெலடி கலந்துவிட்டது’ என்றால் இரங்கல் குறிப்பு. ‘இரண்டாவது பக்கத்தைத் தாங்க முடியவில்லை’ என்றால் உடனே வாங்க வேண்டும். ஜான் கோல்ட்ரேனின் ‘அசென்ஷன்’ பதிவில் வாசித்த மரியன் பிரவுன், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க இந்தத் தட்டே போதும் என்ற பொருளில் ஒன்று சொல்லியிருக்கிறார். லண்டனில் எரிவாயு பில் வரும் மாதங்களில் நான் இதை வீட்டில் நினைவூட்டுவதுண்டு. கணப்பையே போட்டுக்கொள்ளலாம், காசு போனால் போகட்டும் என்று ஏகமனதாக முடிவாகும்.

அய்லரின் ‘பெல்ஸ்’ என்ற தட்டைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை. 1965 மே முதல் தேதி நியூயார்க் டவுன் ஹாலில் பதிவானது. இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பக்கம் மட்டும் இசை. மறுபக்கத்தில் ஒன்றுமே கிடையாது. அந்த மறுபக்கத்துக்கு எங்கள் வீட்டில் ஐந்து நட்சத்திரம்.

ஒரு கோடையில் திருவாரூரிலிருந்து அம்மா வந்திருந்தாள். அவள் பிறந்து வளர்ந்ததே நாயனச் சத்தத்தில். அய்லரைப் போட்டேன். சமையலறை வாசலில் நின்று பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், “என்னடா இது, சீவாளி பாத்துக்கிட்டே இருக்கான், எப்ப வாசிப்பான்?” என்றாள். அறுபது வருடமாக அமெரிக்க விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதிய எதிர்ப்பு அத்தனையும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம். கோல்ட்ரேன் இறந்த வருடமான 1967இல், பிப்ரவரியில், ரஷீத் அலி என்ற டிரம்ஸ்காரரோடு இருவர் மட்டும் உட்கார்ந்து பதிவு செய்த ‘இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்’ இருக்கிறது. கோல்ட்ரேன் முதலில் சின்ன மணிகளைக் குலுக்கிவிட்டுத்தான் சாக்ஸபோனை எடுப்பார். மணிச் சத்தம் கேட்டதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து, “தவில்காரன் தேவலை” என்றாள். இதை அண்ணையிடம் சொன்னேன். அவர் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்த நோட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அண்ணையின் குலதெய்வம், ஜாஸ் குழுத் தலைவர் சன் ரா. 1914இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர், ஆனால் சனி கிரகத்திலிருந்து வந்ததாகக் கடைசிவரை சொன்னவர். சனி என்றே கம்பெனிக்குப் பெயர் வைத்து, வாத்தியக்காரர்கள் கையால் வரைந்த உறைகளில் போட்டுக் கச்சேரி வாசலில் விற்றார். சில தட்டுகளின் உறையில் பெயர் இராது. சிலவற்றில் ஒரு பக்கம் ஓர் ஆல்பம், மறுபக்கம் வேறோர் ஆல்பம். லேபிளில் எழுதியிருப்பது உள்ளே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. கடிதம் பிரிக்கிறவனுக்கு முகவரி இல்லாத மூட்டை கிடைத்ததுபோல் அண்ணை நோட்டும் கையுமாக அதில் இறங்கிவிட்டார். அவருக்கு முன்பே ராபர்ட் கேம்ப்பெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இறங்கி, 1994இல் முழுப் பட்டியலையும் புத்தகமாகவே போட்டார். தலைப்பு, ‘சன் ராவின் பூவுலகப் பதிவுகள்’. மற்ற கிரகங்களில் செய்த பதிவுகளுக்குத் தாம் பொறுப்பில்லை என்று அடக்கமாக ஒதுங்கிக்கொண்டார். அவர் பாடம் நடத்தியது உளவியல். அது ஒரு வகையில் ஆறுதல்.

ரசிகன் இன்னொரு ரசிகனுக்குச் செய்யக்கூடிய பெரிய தீங்கு பட்டியல் போடுவது. சோனிக் யூத் குழுவின் தர்ஸ்டன் மூர் 1995இல், பீஸ்டி பாய்ஸ் நடத்திய ‘கிராண்ட் ராயல்’ பத்திரிகையில், தலைமறைவு ஃப்ரீ ஜாஸ் தட்டுகளில் தனக்குப் பிடித்தவற்றை எழுதினார். ஆர்தர் டாயிலின் ‘அலபாமா ஃபீலிங்’, மில்ஃபோர்ட் கிரேவ்ஸும் டான் புல்லனும் வாசித்த ‘நோம்மோ’ என்று எல்லாம் குறைந்த பிரதிகளே வந்தவை. நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். அண்ணை அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் பர்ஸில் வைத்திருக்கிறார், பிள்ளைகளின் படத்துக்குப் பின்னால். அதிலுள்ள ஒரு தட்டைக் கண்டுபிடித்தால் கூப்பிட்டுச் சொல்வார். கேட்டாயிற்றா என்று நான் கேட்பேன். “இல்லை, இனித்தான்” என்பார். கேட்பது எப்போதும் இனித்தான்.

போன மாதம் அவரே ஒரு தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ‘அசென்ஷன்’. ஏதோ வீட்டைக் காலி செய்தவர்கள் விற்றதில் கிடைத்ததாம். இங்கே ஒரு சிக்கலை விளக்க வேண்டும். கோல்ட்ரேனும் இன்னும் பத்துப் பேரும் 1965 ஜூன் 28 அன்று இதை இரண்டு முறை முழுதாக வாசித்தார்கள். முதலில் கடைக்கு வந்தது இரண்டாவது முறை வாசித்தது. பிறகு கோல்ட்ரேன், மற்றதே மேல் என்று நினைத்தார். கம்பெனி சத்தமில்லாமல் தட்டை மட்டும் மாற்றி, அதே உறையில் போட்டு விற்றது. இசை முடிந்து லேபிள் தொடங்குவதற்கு நடுவே வழவழப்பாக ஒரு வளையம் இருக்குமே, அதில் ‘எடிஷன் II’ என்று கீறியதுதான் ஒரே அடையாளம்.

அண்ணை கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நான் டார்ச் அடித்தேன். வளையம் முழுக்கக் கீறல். எது கம்பெனி கீறியது, எது காலம் கீறியது என்று பிரிக்க முடியவில்லை. “அது ‘E’ தானே தம்பி?” “முடியா இருக்கும்ணே.” “முடியில்லை, கீறல். வெளிச்சத்தைச் சரிச்சுப் பிடியும்.” டீ ஆறியது, மறுபடி வந்து மறுபடி ஆறியது. மூன்றாவது முறை டீ கொண்டுவந்த என் மனைவி கேட்டாள்:

“போட்டுப் பாத்தா தெரியாதா?”

இருவரும் நிமிர்ந்தோம்.

“கடைசியில டிரம்ஸ் மட்டும் தனியா வந்தா மொதல்ல வந்த எடிஷன். வரலைன்னா ரெண்டாவது. நான் சமைக்கும்போது எத்தனை தடவை ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டிருக்கீங்க?”

சரியாகச் சொல்லியிருந்தாள். எல்வின் ஜோன்ஸின் தனி வாசிப்பு முதல் எடிஷனில்தான் உண்டு. அண்ணை தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “ஊசி பட்டால் விலை போயிடும் பிள்ளை” என்றார்.

“அப்ப இது போடவே மாட்டீங்களா?”

“சீச்சீ. மாட்டன்.”

“இந்த ஒரு தட்டை வேணா இங்கயே வச்சுட்டுப் போங்கண்ணே” என்றாள் அவள்.