பைசா பாக்கி வைக்காத பேராயர்

கான்டர்பரியின் பேராயர் ஆன்செல்ம் அவர்களே, உம் புகழைப் பாட ஒரு நாவு போதாது.

1098-இல், ஊரை விட்டு இத்தாலியில் தங்கியிருந்தபோது, ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூலை எழுதி முடித்தீர். இயேசுவின் உயிர் சாத்தானுக்குக் கொடுத்த மீட்புப் பணம் என்று உமக்கு முன்னிருந்த பலர் நம்பினார்கள். சாத்தானுக்கு ஏது அந்த உரிமை என்று கேட்டு அவனை விரட்டினீர். என்ன துணிவு! அவன் எழுந்துபோன நாற்காலியில் கடவுளையே உட்காரவைத்து, வசூலைத் தொடர்ந்தீர்.

உம் காலத்துப் பிரபு, தன் மானத்துக்கு இழுக்கு வந்தால் ஈடு வாங்காமல் விடமாட்டார். பரலோகத் தந்தை அவருக்கு இளைத்தவராக இருக்கலாமா? பிரபுவுக்குரிய மானத்தை அவருக்கும் அளித்தீர். பாவம் கடன், கட்டவேண்டியவன் மனிதன், கட்டக்கூடியவர் கடவுள் மட்டுமே, எனவே இரண்டுமான ஒருவர் சாகவேண்டும். கணக்கில் ஒரு பிழை உண்டா?

இரக்கத்தினால் மட்டும், ஈடு வாங்காமல், கடவுள் மன்னிப்பது தகுமா என்று நீரே கேட்டு, தகாது என்று நீரே தீர்த்தீர். இயேசு சொன்ன உவமையில் வரும் கெட்ட குமாரனின் தகப்பனுக்கு இந்த ஞானம் இல்லை. மகனைத் தூரத்தில் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். அழித்த சொத்துக்குக் கணக்குக் கேட்கவில்லை. இன்னோர் உவமையில் பதினாயிரம் தாலந்து கடனை ஒரே சொல்லில் விட்ட ராஜாவும் உம்மிடம் பாடம் கேட்டிருக்கவேண்டும். கப்பர்நகூமின் திமிர்வாதக்காரனுக்குச் சிலுவைக்கு முன்பே இயேசுவிடம் பாவமன்னிப்புக் கிடைத்ததே, அந்த அவசரத்தைத் தடுக்க நீர் அங்கே இல்லாமல் போனீர்.

உம் விதை வீண்போகவில்லை. 16ஆம் நூற்றாண்டில், சட்டம் படித்த கால்வின் உம் கடனைத் தண்டனையாக்கினார். குற்றமற்றவரைத் தண்டித்தால் நீதி நிறைவேறும் என்பதை உலகின் எந்த நீதிமன்றமும் ஏற்காது. உம் வழி வந்தவர்களோ அதைப் பிரசங்க பீடத்தில் ஏற்றினார்கள். சிலுவைத் தீர்ப்பளித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் மேலிருந்த பழியும் குறைந்தது. ஆயக்காரரோடு பந்தியிருந்தவரை, ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தவரை, ரோம அதிகாரம் கொன்றது என்ற செய்தி பின்னுக்குப் போனது. அவர் வாழ்ந்த வாழ்வும் பேசிய பேச்சும் தேவைப்படவில்லை; செத்தால் போதும், கணக்கு நேராகிவிடும். அநியாயமாகக் கொல்லப்படும் எளியவர்களுக்காகச் சிலுவையின் பெயரால் குரல் எழுப்பும் தொல்லையிலிருந்தும் எத்தனையோ சபைகள் தப்பித்தன.

எல்லாவற்றிலும் பெரியது உம் முன்யோசனை. கிறிஸ்துவைப் பற்றி ஒன்றுமே அறியாதவரைப்போல அவரை ஒதுக்கிவைத்துவிட்டு வாதிடுவதாக முன்னுரையிலேயே சொன்னீர். நல்ல காரியம் செய்தீர். அவரை உள்ளே விட்டிருந்தால், முதல் பக்கத்திலேயே அத்தனை கடனையும் தள்ளுபடி செய்திருப்பார்.