பாட்டியும் பெஞ்சும்

கேள்வி: மனநல ஆலோசனை மேற்கத்திய நாடுகளில் வளர்ந்த முறை. மற்ற நாட்டு மனசுக்கு அது பொருந்துமா?

பதில்: அளவெடுத்துத் தைத்தால் பொருந்தும். ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் தைத்துக் காட்டினார். அப்போது அந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். ஆனால் பாட்டிகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை! சுகாதாரப் பணியில் இருந்த 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மர பெஞ்ச்; அதுதான் ஆலோசனை அறை. வருகிறவர் தன் பாரங்களையெல்லாம் இறக்கி வைப்பார். அதில் ஒன்றை மட்டும் எடுத்து, என்ன செய்யலாம் என்று பாட்டியும் அவரும் சேர்ந்து யோசிப்பார்கள். சிகிச்சை முறை மேற்கத்தியதுதான்; பேச்சு, மரியாதை, உறவு எல்லாம் அந்த ஊருடையவை.

பலன்? 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட, பெஞ்சுக்கு வந்தவர்களிடம் ஆறு மாதத்தில் மனச்சோர்வு வெகுவாகக் குறைந்திருந்தது.

ஆலோசகர் பட்டம் பெறப் படித்த புத்தகங்கள் பல இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவரின் வீடு, மொழி, சாதி, மதம், நம்பிக்கை ஆகியவற்றையும் அவர் படித்தாக வேண்டும். உங்கள் ஆலோசகர் அதைப் படிக்கவில்லை என்று தோன்றினால், ஆலோசனையைக் கைவிடாதீர்கள், ஆலோசகரை மாற்றுங்கள்.